20 ஜிபி எக்ஸ்எம்எல் ஃபைலும் கல்யாண மொய் நோட்டும்: ஃபங்ஷனல் புரோகிராமிங் போடும் கணக்கு

‘எக்ஸ்எம்எல்லா? அதெல்லாம் பழைய சமாச்சாரம், இப்போ எல்லாமே ஜேசன்தானே’ என்று ஐடி வேலையில் இருப்பவர்களே சொல்வதுண்டு. ஆனால், வேலைக்கு விண்ணப்பிக்க நீங்கள் அனுப்பும் வேர்ட் ரெஸ்யூமே இருக்கிறதே, அந்த டாக்எக்ஸ் ஃபைல் உண்மையில் ஒரு ஜிப் மூட்டை. பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது எக்ஸ்எம்எல். எக்ஸெல் ஃபைலும் அப்படித்தான். ஆதாரின் ஆஃப்லைன் இ-கேஒய்சி ஃபைலும் எக்ஸ்எம்எல்தான். இந்தியாவின் ஆர்டிஜிஎஸ் பணப் பரிமாற்றம் 2013 அக்டோபரிலிருந்து ஐஎஸ்ஓ 20022 என்ற தரத்தில் இயங்குகிறது. அந்தச் செய்திகளும் எக்ஸ்எம்எல் வடிவில்தான் போகின்றன. நாடுகளுக்கு இடையே பணம் அனுப்பும் ஸ்விஃப்ட் அமைப்பும் 2023 மார்ச்சில் இதே தரத்துக்கு மாறத் தொடங்கியது.

ஆக, எக்ஸ்எம்எல் எங்கேயும் போய்விடவில்லை. கண்ணில் படாத இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. அதுவும் பணம் புழங்கும் இடத்தில். அதனால், ஒரு புரோகிராம் அதைத் தப்பாகப் படித்தால் பாதிக்கப்படுவது திரை அல்ல, கணக்கு.

சிக்கல் எங்கே தொடங்குகிறது?

ஆங்கில விக்கிப்பீடியாவின் கட்டுரைகள் மொத்தத்தையும் யார் வேண்டுமானாலும் எக்ஸ்எம்எல் ஃபைலாக டவுன்லோடு செய்யலாம். சுருக்கிய நிலையிலேயே அது 20 ஜிபி-க்கு மேல் இருக்கும். விரித்தால் அதைவிடப் பல மடங்கு. உங்கள் லேப்டாப்பில் 8 அல்லது 16 ஜிபி மெமரி இருக்கலாம். அப்படியானால் இந்த ஃபைலை எப்படிப் படிப்பது?

இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, ஃபைலை முழுக்க மெமரிக்குள் கொண்டுவந்து, தலைப்பு, பத்தி, பெயர் என்று கிளை கிளையாக ஒரு மரம் கட்டுவது. இதற்கு ‘டாம்’ என்று பெயர். அதன் முதல் தரம் 1998 அக்டோபரில் வந்தது. மரம் கையில் இருந்தால் எந்தக் கிளைக்கும் தாவலாம். ஆனால், அந்த மரம் பொதுவாக ஃபைலைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். 20 ஜிபி ஃபைல் என்றால் கதை அங்கேயே முடிந்தது.

இரண்டாவது வழி, ஈவென்ட் முறை. பார்சர் ஃபைலை மேலிருந்து கீழே ஒருமுறை மட்டும் படித்துக்கொண்டே போகும். டேக் திறந்தால் ‘திறந்தது’ என்று சொல்லும். எழுத்து வந்தால் ‘எழுத்து வந்தது’ என்று சொல்லும். டேக் மூடினால் ‘மூடியது’ என்று சொல்லும். சொல்லிவிட்டு மறந்துவிடும். இதைப் பிரபலப்படுத்தியது ‘சாக்ஸ்’ என்ற இடைமுகம். டேவிட் மெகின்சன் முன்னின்று ஒருங்கிணைத்த அதன் முதல் பதிப்பு 1998 மே மாதம் வெளியானது. எக்ஸ்எம்எல் அதிகாரபூர்வ தரமானது அதே ஆண்டு பிப்ரவரி 10 அன்றுதான். பிறந்த மூன்றே மாதத்தில் இந்தத் தேவை வந்துவிட்டது.

மொய் எழுதுபவர் என்ன செய்கிறார்?

இரண்டு வழிகளுக்கும் உள்ள வித்தியாசம் புரிய ஒரு கல்யாண மண்டபத்தைப் பாருங்கள். வந்தவர்கள் அனைவரையும் ஹாலில் உட்காரவைத்து, எல்லோரும் வந்து சேர்ந்த பிறகு ஒவ்வொருவரிடமும் மொய் வாங்கிக் கணக்குப் போடலாம். ஹால் பெரிதாக இருந்தால் சரி. இதுதான் மரம் கட்டும் முறை.

ஆனால், வாசலில் நோட்டுடன் உட்கார்ந்திருப்பவர் அப்படிச் செய்வதில்லை. ஒருவர் வருகிறார், பெயரும் ஊரும் சொல்கிறார், தொகை எழுதப்படுகிறது, அவர் சாப்பிடப் போய்விடுகிறார். பக்கம் முடிந்தால் கீழே கூட்டுத்தொகை. அடுத்த பக்கத்தின் தலையில் அதே தொகை மீண்டும். ஆயிரம் பேர் வந்தாலும் அவர் நினைவில் வைத்திருக்க வேண்டியது ஒரே ஒரு எண்தான். இதுதான் ஈவென்ட் முறை.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொன்று இருக்கிறது. அவர் பழைய பக்கத்தின் கூட்டுத்தொகையை அழித்து எழுதுவதில்லை. பழைய தொகை அப்படியே இருக்க, அதோடு புதிதாக வந்ததைச் சேர்த்துப் புதுத் தொகை எழுதுகிறார். ஃபங்ஷனல் புரோகிராமிங்கின் அடிப்படைப் பழக்கமும் இதுவே.

ஃபங்ஷனல் மொழியில் என்ன மாறுகிறது?

ஜாவா போன்ற மொழிகளில் சாக்ஸ் எழுதும்போது வழக்கமாக என்ன செய்வார்கள்? ‘மொத்தம்’ என்று ஒரு வேரியபிளை வெளியே வைத்துவிட்டு, ஈவென்ட் வரும்போதெல்லாம் அதை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். ‘இப்போது பெயர் டேக்குக்குள் இருக்கிறோமா’ என்று பார்க்க இன்னொரு வேரியபிள். ‘போன டேக் என்ன’ என்று மற்றொன்று. ஆறு மாதம் கழித்து அந்தக் கோடைத் திறப்பவருக்கு, எந்த வேரியபிளை யார், எப்போது மாற்றினார்கள் என்று தேடுவதே பெரிய வேலை.

எர்லாங், ஹேஸ்கெல், ஸ்கீம் போன்ற ஃபங்ஷனல் மொழிகளில் வைத்த மதிப்பை மாற்றுவது வழக்கம் இல்லை. சில மொழிகளில் அது முடியவே முடியாது. அப்படியானால் நடுவில் வரும் கணக்கை எங்கே வைப்பது? பதில், மொய் நோட்டில் இருப்பதேதான். ஈவென்ட்டைக் கையாளும் ஃபங்ஷனுக்கு இரண்டு பொருட்களைக் கொடுக்கிறோம்: வந்த ஈவென்ட், இதுவரையிலான கணக்கு. அது ஒரே ஒரு பொருளைத் திருப்பித் தருகிறது: புதிய கணக்கு. அடுத்த ஈவென்ட் வரும்போது பார்சர் அந்தப் புதிய கணக்கை எடுத்துக்கொடுக்கும். அவ்ளோதான்! இந்த வேலைக்கு ‘ஃபோல்டு’ என்று பெயர். நீளமான துணியை மடித்து மடித்துக் கடைசியில் கையடக்கமாக ஆக்குவது மாதிரி.

எர்லாங் மொழியோடு வரும் சாக்ஸ் பார்சரில் இதை நேரடியாகவே பார்க்கலாம். நீங்கள் கொடுக்கும் ஃபங்ஷனுக்கு ஈவென்ட், அது ஃபைலில் இருந்த இடம், இப்போதைய ஸ்டேட் என்று மூன்று வரும். நீங்கள் திருப்பித் தருவது அடுத்த ஸ்டேட். எலிக்ஸிர் மொழியில் உள்ள ‘சாக்ஸி’ லைப்ரரியும் இதே அச்சில் வார்த்ததுதான்.

90 ஆயிரம் எப்படி 1.8 லட்சம் ஆகும்?

ஒரு நிறுவனம் இருவருக்குச் சம்பளம் போடுகிறது. வங்கியின் கணக்கு அறிக்கையில் அது ஒரே பதிவாக, உள்ளே இரண்டு விவரங்களோடு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். டேக் பெயர்களைத் தமிழிலேயே எழுதுகிறேன். இது வசதிக்காகச் செய்யும் மாற்றம் அல்ல. எக்ஸ்எம்எல் தரமே தமிழ் எழுத்தில் டேக் பெயர் வைக்க அனுமதிக்கிறது.

<அறிக்கை>
  <பதிவு>
    <தொகை>90000</தொகை>
    <விவரம்>
      <தொகை>50000</தொகை>
    </விவரம்>
    <விவரம்>
      <தொகை>40000</தொகை>
    </விவரம்>
  </பதிவு>
</அறிக்கை>

‘தொகை டேக் மூடும்போதெல்லாம் மொத்தத்தோடு கூட்டு’ என்று எழுதினால் என்ன ஆகும்? 90,000 + 50,000 + 40,000. மொத்தம் 1,80,000 ரூபாய். போனது 90 ஆயிரம், கணக்கில் இரண்டு மடங்கு! ஐஎஸ்ஓ 20022 வகையிலான உண்மையான வங்கி அறிக்கைகளிலும் பதிவுக்கு ஒரு தொகை, உள்ளே தனித்தனிப் பரிவர்த்தனைகளுக்கு வேறு தொகை என்ற அமைப்பு உண்டு. எனவே, இது கற்பனைக் கவலை அல்ல.

மரம் கட்டியிருந்தால் ‘பதிவுக்கு நேர் கீழே உள்ள தொகை’ என்று கேட்டு வாங்கிவிடலாம். ஈவென்ட் முறையில் பார்சர் எதையும் நினைவில் வைக்காது. எங்கே இருக்கிறோம் என்பதை நாம்தான் ஸ்டேட்டில் சுமக்க வேண்டும். ஆகவே, ஸ்டேட் என்பது மூன்று பொருட்கள் கொண்ட ஒரு சின்னப் பொட்டலம்: பாதை, கையில் சேர்ந்த எழுத்து, மொத்தம்.

• டேக் திறந்தால்: பாதையின் முனையில் அந்தப் பெயரைச் சேர்த்து, எழுத்தைக் காலியாக்கிய புது ஸ்டேட்டைக் கொடு.
• எழுத்து வந்தால்: ஏற்கெனவே இருக்கும் எழுத்தின் பின்னால் ஒட்டிய புது ஸ்டேட்டைக் கொடு.
• தொகை டேக் மூடி, பாதையில் அதற்கு முந்தைய பெயர் ‘பதிவு’ என்றால்: எழுத்தை எண்ணாக மாற்றி மொத்தத்தோடு கூட்டி, பாதையில் ஒன்றைக் குறைத்துக் கொடு.
• வேறு எது மூடினாலும்: பாதையில் ஒன்றை மட்டும் குறைத்துக் கொடு.

இப்போது முதல் தொகை மூடும்போது பாதை ‘அறிக்கை, பதிவு, தொகை’ என்று இருக்கும். மொத்தம் 90,000 ஆகும். அடுத்த இரண்டும் மூடும்போது முந்தைய பெயர் ‘விவரம்’. மொத்தம் அசையாது. நான்கே விதிகள், விடை சரி. எர்லாங், ஹேஸ்கெல் போன்ற மொழிகளில் இந்த நான்கும் ஏறக்குறைய இதே வடிவில், நான்கு வரி ‘பேட்டர்ன் மேட்சிங்’ ஆக எழுதப்படும்.

அந்தப் பாதையையும் பார்சரே சுமந்தால்?

பாதையை ஒவ்வொரு முறையும் நாமே பராமரிப்பது அலுப்பான வேலைதான். இதற்கு ஓலெக் கிசெல்யோவ் என்ற கணினி அறிவியலாளர் ஒரு வழி காட்டினார். ஸ்கீம் மொழிக்காக அவர் எழுதிய ‘எஸ்சாக்ஸ்’ பார்சரில் ஸ்டேட்டுக்கு ‘விதை’ என்ற பொருளில் பெயர். 2002-ல் அவர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இதை விளக்குகிறது.

டேக் திறக்கும்போது, ‘உள்ளே போகும் பிள்ளைக்கு என்ன விதை கொடுக்க?’ என்று பார்சர் கேட்கும். நீங்கள் புதிதாக 0 கொடுக்கலாம். டேக் மூடும்போது இரண்டு விதைகளையும் கையில் தரும்: உள்ளே நுழைவதற்கு முன் பெற்றோரிடம் இருந்தது ஒன்று, பிள்ளை சேர்த்துக் கொண்டுவந்தது மற்றொன்று. இரண்டையும் எப்படிச் சேர்ப்பது என்பது மட்டும்தான் உங்கள் முடிவு. நம் உதாரணத்தில் ‘விவரம்’ மூடும்போது பிள்ளையின் விதையைக் கீழே போட்டுவிட்டு, பெற்றோர் விதையை அப்படியே திருப்பிக் கொடுத்தால் போதும். தனியாகப் பாதை, அடுக்கு எதுவும் தேவையில்லை.

இதில் இன்னொரு சுவாரஸ்யமும் உண்டு. பிள்ளை விதையைப் பெற்றோர் விதையில் ஒரு கிளையாக ஒட்டுங்கள் என்று எழுதினால், முடிவில் முழு மரமே வந்துவிடும். அதாவது, மரம் கட்டும் முறை என்பது ஈவென்ட் முறையின் ஒரு தனி வகைதான். எஸ்சாக்ஸ் தன் மரத்தை இப்படித்தான் கட்டுகிறது.

பெயர் பாதியாக வந்தால்?

ஈவென்ட் முறையில் புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. ‘முருகன் & கோ’ என்று ஒரு கடைப் பெயர். இடையில் உள்ள & குறியை எக்ஸ்எம்எல்லில் அப்படியே எழுத முடியாது; அதற்கென உள்ள குறியீட்டால் எழுத வேண்டும். பார்சர் அந்த இடத்தில் எழுத்தை உடைத்து ‘முருகன்’, ‘&’, ‘கோ’ என்று மூன்று ஈவென்ட்டாக அனுப்பலாம். ‘எழுத்து வந்தால் பெயரில் வை’ என்று எழுதியிருந்தால், ஒன்றை ஒன்று அழித்துவிட்டுக் கடைசியில் மிஞ்சுவது வெறும் ‘கோ’. சோதனைக்கு எடுத்த பெயர்களில் & இல்லையென்றால் இந்தப் பிழை வெளியே தெரியாது. அதனால்தான் மேலே உள்ள விதியில் ‘வை’ என்று சொல்லாமல் ‘பின்னால் ஒட்டு’ என்று சொன்னோம்.

தமிழுக்கு இதில் கூடுதல் கவனம் வேண்டும். யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட் எடுக்கும். ‘தமிழ்’ என்ற சொல் நம் கண்ணுக்கு 3 எழுத்து. கணினிக்கு த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என 5 குறிகள், 15 பைட். ஃபைலைத் துண்டு துண்டாக வாசிக்கும்போது வெட்டு ஒரு குறியின் நடுவிலேயே விழலாம். நல்ல பார்சர் மிச்ச பைட்டைப் பிடித்துவைத்து அடுத்த துண்டோடு சேர்த்துக்கொள்ளும். ஆனாலும், ‘ம’ ஒரு ஈவென்ட்டிலும் அதன் இகரக் குறி அடுத்ததிலும் வருவதைத் தடுக்க எந்த விதியும் இல்லை. எனவே, எழுத்தை எண்ணுவது, பெயரை ஒப்பிடுவது எல்லாம் டேக் மூடிய பிறகே.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. டேக்குகளுக்கு இடையே அழகுக்காக விட்ட இடைவெளியும், புது வரியும்கூட எழுத்து ஈவென்ட்டாகவே வரும்.

ஃபைல் கடைசியில் உடைந்திருந்தால்?

மரம் கட்டும் முறையில் ஃபைல் முழுக்கச் சரியாக இருந்தால்தான் மரம் கைக்கு வரும். ஈவென்ட் முறையில் அப்படி இல்லை. கடைசி வரியில் ஒரு டேக் மூடாமல் நின்றிருந்தாலும், அது தெரியவரும்போது லட்சம் ஈவென்ட்டுகள் கடந்து போயிருக்கும். ஒவ்வொரு ஈவென்ட்டிலும் டேட்டாபேஸில் எழுதியிருந்தாலோ, பணம் அனுப்பச் சொல்லியிருந்தாலோ என்ன செய்வது? நடந்ததைத் திரும்பப் பெறுவது லேசுப்பட்ட காரியம் இல்லை.

ஃபங்ஷனல் முறையின் உண்மையான லாபம் இங்கேதான். ஹேண்ட்லர் வெளியுலகைத் தொடவில்லை. ஒரு ஸ்டேட்டை வாங்கி இன்னொரு ஸ்டேட்டைக் கொடுத்தது, அவ்வளவே. ஃபைல் உடைந்திருந்தால் கையில் உள்ள ஸ்டேட்டைக் குப்பையில் போட்டுவிட்டுப் பிழையைச் சொன்னால் முடிந்தது. முழுதாகப் படித்து முடித்து, எல்லாம் சரி என்று தெரிந்த பிறகே டேட்டாபேஸ் பக்கம் போகலாம்.

டெஸ்ட் எழுதுவதும் சுலபம். ஃபைலே வேண்டாம். ‘பதிவு திறந்தது, தொகை திறந்தது, 900 வந்தது, 00 வந்தது, தொகை மூடியது’ என்று ஐந்து ஈவென்ட்டுகளைக் கையால் எழுதி ஃபங்ஷனுக்குக் கொடுங்கள். விடை 90,000 வருகிறதா என்று பாருங்கள். எழுத்து துண்டாக வரும் சிக்கலையும் இதிலேயே பிடித்துவிடலாம்.

முடிவே இல்லாத ஃபைல்

எக்ஸ்எம்பிபி என்ற சாட் நெறிமுறையில், நீங்கள் லாகின் செய்யும்போது ஒரு எக்ஸ்எம்எல் டேக் திறக்கும். லாக்அவுட் செய்யும்போதுதான் அது மூடும். நடுவில் வரும் ஒவ்வொரு செய்தியும் அதற்குள் ஒரு குட்டி டேக். இங்கே ‘ஃபைல் முடியட்டும், மரம் கட்டலாம்’ என்று காத்திருந்தால், ‘ஹாய்’க்குப் பதில் நாளைக்குத்தான் போகும். ஈவென்ட் முறை இங்கே கட்டாயம். எர்லாங் மொழியில் எழுதப்பட்ட ஈஜாபர்ட் என்ற சர்வர் இந்த வேலையைச் செய்கிறது. வாட்ஸ்அப் தன் ஆரம்ப நாட்களில் இந்த ஈஜாபர்டை எடுத்து மாற்றியமைத்தே வளர்ந்தது.

வில்லங்கமான ஃபைல்களும் உண்டு

எக்ஸ்எம்எல்லில் சுருக்கப் பெயர் வைத்து, அதை இன்னொரு சுருக்கப் பெயருக்குள் பத்து முறை அழைக்கலாம். அப்படி அடுக்கிக்கொண்டே போனால், 1 கேபி-க்கும் குறைவான ஃபைல் விரிந்து 100 கோடி சொற்களாகி, சுமார் 3 ஜிபி மெமரியை விழுங்கிவிடும். ‘நூறு கோடிச் சிரிப்பு’ என்ற பொருளில் இந்தத் தாக்குதலுக்குப் பெயர். ஈவென்ட் முறை மட்டும் இதிலிருந்து காப்பாற்றாது; விரிந்து வரும் எழுத்தை நாம் ஒட்டிக்கொண்டே போனால் ஸ்டேட்டே வீங்கிவிடும். ஜேம்ஸ் கிளார்க் உருவாக்கிய, உலகெங்கும் புழங்கும் எக்ஸ்பேட் பார்சரில் இதற்கான தற்காப்பு 2021-ல் வந்த 2.4.0 பதிப்பில்தான் சேர்ந்தது. ஸ்டேட்டில் சேரும் எழுத்துக்கு ஓர் உச்சவரம்பு வைத்து, தாண்டினால் பார்சிங்கை நிறுத்துவது நல்ல பழக்கம்.

எர்லாங்கில் வேறொரு கண்ணி இருக்கிறது. அதன் மரம் கட்டும் பார்சர், டேக் பெயர்களை ‘ஆட்டம்’ என்ற வகையாக மாற்றும். ஆட்டங்கள் உருவானால் அழியாது. இயல்பான உச்சவரம்பு 10,48,576. தாண்டினால் மொத்த சர்வரும் படுத்துவிடும். புதுப் புது டேக் பெயர்களாக அனுப்பியே ஒருவர் உங்கள் சர்வரை வீழ்த்த முடியும். சாக்ஸ் பார்சர் பெயர்களைச் சாதாரண எழுத்துச் சரமாகவே தருவதால், வெளியாட்கள் அனுப்பும் ஃபைலுக்கு அதுவே பாதுகாப்பு.

ஹேஸ்கெல் பயன்படுத்துபவர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்த மொழி ‘தேவைப்படும்போது கணக்கிடலாம்’ என்று வேலையைத் தள்ளிப்போடும் சுபாவம் கொண்டது. மொத்தத்தை உடனுக்குடன் கூட்டாமல் ‘பிறகு கூட்டலாம்’ என்ற சீட்டுகளாகச் சேர்த்துவைத்தால், மெமரியை மிச்சம் பிடிக்க வந்த முறையே மெமரியைத் தின்னும். உடனே கணக்கிடும் ‘ஸ்ட்ரிக்ட்’ வகை ஃபோல்டைத் தேர்ந்தெடுப்பதோடு, ஸ்டேட்டுக்குள் இருக்கும் மொத்தத்தையும் ‘ஸ்ட்ரிக்ட்’ ஆக அறிவிப்பதுதான் தீர்வு.

எதை எப்போது எடுப்பது?

ஃபைல் சில எம்பி மட்டுமே, உள்ளே முன்னும் பின்னும் தாவ வேண்டும் என்றால், தயங்காமல் மரமே கட்டுங்கள். கோடு சின்னதாக இருக்கும், படிக்கவும் எளிது. ஃபைல் பெரிது, அல்லது முடிவே இல்லாத ஓடை, அல்லது தேவை ஒரு மூலையில் உள்ள சில தகவல்கள் மட்டும் என்றால் ஈவென்ட் முறை. இரண்டுக்கும் நடுவே ஒரு பாதையும் உண்டு: விக்கிப்பீடியா ஃபைலில் ஒவ்வொரு பக்கத்தையும் ஈவென்ட்டாகக் கண்டுபிடித்து, அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் குட்டி மரம் கட்டி, வேலை முடிந்ததும் விட்டுவிடலாம்.

எந்த மொழியில் எழுதினாலும், கீபோர்டைத் தொடுவதற்கு முன் ஒரு தாளில் இரண்டு கேள்விகளுக்குப் பதில் எழுதிக்கொள்ளுங்கள். இதுவரை படித்ததில் எதை நினைவில் வைக்க வேண்டும்? அடுத்த ஈவென்ட் வந்தால் அது எப்படி மாறும்? முதல் பதில்தான் உங்கள் ஸ்டேட், இரண்டாவது பதில்தான் உங்கள் ஹேண்ட்லர். மிச்சம் இருப்பது டைப் செய்யும் வேலை மட்டுமே.